கழுகு நாட்டின் திறந்த கதவுகள்

ஒரு நாட்டைக் காணச் செல்வோர் மூன்றைக் காணச் செல்கின்றனர். மலையும் ஆறும் கடலுமாகிய இயற்கை ஒன்று. கல்லிலும் சொல்லிலும் முன்னோர் விட்டுச்சென்ற பண்பாடு மற்றொன்று. பகல் முழுதும் உழைத்த மக்கள் தங்கள் மாலையையும் இரவையும் எவ்வாறு கழிக்கின்றனர் என்பது மூன்றாவது. முதலிரண்டைப் பற்றியும் நம் பயண இலக்கியங்கள் நிறையவே பேசியுள்ளன. மூன்றாவதைப் பற்றிப் பேசப் பெரியோர் தயங்குவர், இளையோர் ஆவலுறுவர். அல்பேனியா சென்று திரும்பிய எங்களுக்கோ அந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் விளங்கவைத்தது. ஆகவே அதனையும் மறைக்காமல் இக்கட்டுரையில் எழுதத் துணிகின்றோம்.

அல்பேனியா, பால்கன் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், அட்ரியாட்டிக், அயோனியன் என்னும் இரு கடல்கள் கூடுமிடத்தில், இத்தாலிக்கு எதிர்க்கரையாக அமைந்த சிறுநாடு. பரப்பில் கேரளத்தைவிடச் சிறியது. 2023ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 24 லட்சம் பேர். அதே ஆண்டில் அந்நாட்டு எல்லையைக் கடந்து உள்ளே வந்த வெளிநாட்டார் வருகைகளோ ஒரு கோடிக்கும் மேல். இவ்விரு எண்களையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரை சொல்ல வருவது பெரும்பாலும் அவற்றுக்கிடையில்தான் இருக்கின்றது.

அம்மக்கள் தம் நாட்டை ஷ்சிபெரியா என்று அழைக்கின்றனர். கழுகுகளின் நாடு என்று அதற்கு மக்கள் வழக்கில் பொருள் கூறுவர். செந்நிறக் கொடியில் இருதலைக் கருங்கழுகு சிறகு விரித்து நிற்கின்றது. அவர்கள் மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் நெருங்கிய உறவு எதுவுமின்றித் தனிக்கிளையாக நிற்பது. இலத்தீன், கிரேக்கம், அரபு என மூவகை எழுத்துக்களிலும் முன்பு எழுதப்பட்ட அம்மொழிக்கு, 1908ஆம் ஆண்டில் மொனாஸ்திர் நகரில் கூடிய மாநாட்டில்தான் 36 எழுத்துக்கள் கொண்ட நெடுங்கணக்கு உறுதியாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் நெசிம் ஃப்ராகுல்லா போன்ற கவிஞர்கள் தம் தாய்மொழியை அரபு எழுத்தில் வடித்துக் கவிதைத் தொகுதிகள் செய்தனர். அரபுத் தமிழில் எழுதப்பட்ட ஏடுகளைத் தங்கள் பாட்டிமார் பெட்டிகளில் கண்ட நம் மாணவர்களுக்கு இச்செய்தி அயலானதாகத் தோன்றாது.

வானூர்தி நிலையத்தின் பெயர்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஆசிரியப் பணியிலிருக்கும் நாங்கள் மூவர், இடையில் விமானம் மாறி, தலைநகர் திரானாவில் இறங்கினோம். இறங்கியவுடனேயே எங்களை வரவேற்றது நமக்கு நன்கு பழகிய ஒரு பெயர். அந்நகரத்தின் பன்னாட்டு வானூர்தி நிலையம் அன்னை தெரசாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கொல்கத்தாவின் தெருக்களில் நாம் அறிந்த அந்த அம்மையார் அல்பேனிய இனத்தவர். 1910இல் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். அவருடைய தாயாரும் தமக்கையும் பிற்காலத்தில் திரானாவில் குடியேறினர். இளம்வயதில் பிரிந்த மகளைக் காண அந்தத் தாய் ஏங்கினார். நாட்டைவிட்டு வெளியே செல்ல அவருக்கு அனுமதியில்லை. உள்ளே வர மகளுக்கும் அனுமதியில்லை. 1972இல் தாய் மறைந்தார். அடுத்த ஆண்டில் தமக்கையும் மறைந்தார். உலகமே அறிந்த அந்தப் பெண்மணியால் 1989இல்தான் திரானாவுக்கு வந்து தாயின் கல்லறையைக் காண முடிந்தது. அப்படிப்பட்டவரின் பெயரையே நாட்டின் வாசலுக்கு இன்று சூட்டியிருக்கின்றனர். ஒரு நாடு தன் கடந்தகாலத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இதனினும் தெளிவாகப் பேசிவிட முடியாது என்று எங்களுக்குத் தோன்றிற்று.

பூட்டிய வீடு

நாட்டின் கதவுகள் அடைபட்ட வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் இங்கே தேவையாகின்றது. 1944 முதல் 1985இல் தாம் இறக்கும் வரை அந்நாட்டை ஆண்டவர் என்வர் ஹோஜா. ஹோஜா என்னும் குடும்பப் பெயருக்கு மார்க்க ஆசான் என்பது பொருள். அப்பெயர் தாங்கியவரின் ஆட்சியில்தான், 1967ஆம் ஆண்டில், பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தர்க்காக்களுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. உலகின் முதல் நாத்திக நாடு என்று அல்பேனியா தன்னை அறிவித்துக்கொண்டது. தனியார் கார் வைத்துக்கொள்ளவும் தடை. கடவுச்சீட்டு என்பது கனவு. யூகோஸ்லாவியா, சோவியத் ஒன்றியம், சீனம் என நட்பு நாடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பகைத்துக்கொண்டு தனித்து நின்ற அரசு, வராத பகைவனுக்காக நாடெங்கும் காங்கிரீட் பதுங்கறைகளைக் கட்டியது. அவற்றின் எண்ணிக்கை 1,70,000க்கும் மேல் என்கின்றனர்.

காளான் குடைபோன்ற அப்பதுங்கறைகளை வயலிலும் கடற்கரையிலும் மலைச்சரிவிலும் கண்டோம். சிலவற்றில் ஆடுகள் கட்டப்பட்டிருந்தன. சில இடிந்து கிடந்தன. திரானாவில் நிலத்தடியே ஆட்சியாளருக்கென அமைத்த பெரும் பதுங்கறை 2014 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. நகர நடுவே இலைகளின் வீடு என்று பெயர் கொண்ட மற்றோர் அருங்காட்சியகம் உண்டு. கொடி படர்ந்த அழகிய கட்டடம். ஆயின் அங்கிருந்துதான் இரகசியப் போலீசார் மக்களின் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டனர். செருப்பிலும் மரச்சாமான்களிலும் மறைத்து வைக்கத்தக்க ஒலிவாங்கிகளைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்துள்ளனர். சுவருக்கும் காதுண்டு என்று நாம் பழமொழியாகச் சொல்வதை அம்மக்கள் வாழ்க்கையாகவே வாழ்ந்திருக்கின்றனர். அக்காலத்தில் இரவு வாழ்க்கை என்பது கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி, இத்தாலியத் தொலைக்காட்சியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதுவே.

திரானாவின் நடுச்சதுக்கத்தில் எத்ஹம் பே பள்ளிவாசல் நிற்கின்றது. பண்பாட்டுச் சின்னம் என்ற பெயரால் இடிபடாமல் தப்பியது அது. அதன் சுவர்களில் மரங்களும் அருவிகளும் பாலங்களும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. பள்ளிவாசல்களில் அரிதாகக் காணக்கூடிய அழகு அது. 1991 ஜனவரி 18ஆம் நாள், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வந்து அதன் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தனர். அன்று போலீசார் தடுக்கவில்லை. கால் நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்டப் பூட்டியிருந்த கதவு அது.

சுவரில் விட்ட வழி

திரானாவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் ஷ்கோதர் நகரம். அங்கே ஆறுகள் கூடும் குன்றின்மேல் ரோசாஃபா கோட்டை உள்ளது. அக்கோட்டைக்கு ஒரு கதை சொல்கின்றனர். மூன்று சகோதரர்கள் பகலெல்லாம் கட்டிய மதில் இரவில் இடிந்து விழுந்ததாம். மனைவியருள் மறுநாள் உணவு கொண்டுவருபவளை மதிலுக்குள் வைத்துக் கட்டினால் நிற்கும் என்றார் ஒரு முதியவர். மூத்தவர் இருவரும் தத்தம் மனைவியரை எச்சரித்துவிட்டனர். வாக்கைக் காத்த இளையவனின் மனைவி ரோசாஃபா மட்டும் வந்தாள். கைக்குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மார்பும், தடவிக்கொடுக்க ஒரு கையும், தொட்டிலாட்ட ஒரு காலும், கண்டு மகிழ ஒரு கண்ணும் வெளியே இருக்கும்படி வழிவிட்டுக் கட்டுங்கள் என்று கேட்டு, அவள் மதிலுக்குள் நின்றாளாம்.

பால்கன் நாடுகள் பலவற்றிலும் இத்தகைய கதை வழங்குகின்றது. ஆயினும் இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தபின் இதனைக் கேட்டபோது வேறு பொருள் தோன்றிற்று. எவ்வளவு திண்ணிய மதிலிலும் அன்பு தனக்கென ஒரு வழியைக் கேட்டுப் பெற்றுவிடுகின்றது.

கோட்டையின் அடியில் ஈயப் பள்ளிவாசல் இருக்கின்றது. 1773இல் கட்டப்பட்ட அதன் குவிமாடங்கள் ஈயத்தகடு போர்த்தப்பட்டிருந்தமையால் அப்பெயர். 1990 நவம்பரில் இந்நகரத்துக் கத்தோலிக்கர்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடித் துணிந்து வழிபாடு நடத்தினர். அதே மாதம் 16ஆம் நாள் வெள்ளிக்கிழமை இந்தப் பள்ளிவாசலில் மக்கள் திரண்டு தொழுதனர். முன்னின்று தொழுகை நடத்தியவர் ஹாஃபிஸ் சப்ரி கோச்சி. இருபதாண்டுகள் சிறையிலிருந்தவர் அவர். கிறிஸ்தவர் கூடியபோது முஸ்லிம்கள் உடன் நின்றனர். முஸ்லிம்கள் கூடியபோது கிறிஸ்தவர்கள் உடன் நின்றனர். பூட்டு இருவருக்கும் பொதுவாக இருந்தமையால் திறப்பும் பொதுவாயிற்று எனலாம்.

மலைவீட்டு விருந்து

ஷ்கோதரிலிருந்து விடியுமுன் ஃபுர்கோன் என்னும் சிற்றுந்தில் ஏறி, கோமான் நீர்த்தேக்கத்தை அடைந்தோம். திரின் ஆற்றை அணையிட்டுத் தேக்கியதால் மலையிடுக்குகளில் வளைந்து வளைந்து கிடக்கும் நீர்ப்பரப்பு அது. இரண்டரை மணி நேரப் படகுப் பயணத்தில் இருபுறமும் செங்குத்தான பாறைகள் நெருங்கி வரும். இனி வழியில்லை என்று தோன்றும். அடுத்த வளைவில் நீர் மீண்டும் விரியும். அங்கிருந்து வால்போனா பள்ளத்தாக்கு. மறுநாள் காலையில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கால்நடையாகக் கடந்து தெத் என்னும் சிற்றூரை அடைந்தோம். எட்டு மணி நேரம் பிடித்தது. பீச் மரக்காடுகளில் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. சாபமுற்ற மலைகள் என்று அத்தொடருக்குப் பெயர். அப்படியொரு பெயர் வைத்தவர் அதனை ஏறிக் களைத்தவராகத்தான் இருக்கவேண்டும். இறங்கிக் கண்டவராக இருக்கமுடியாது.

தெத்தில் எங்களுக்கு இடமளித்த வீட்டுக்காரர் எழுபதைக் கடந்த கத்தோலிக்கர். தங்க இடமுண்டா என்று கேட்டதும் அவர் தலையை இடம்வலமாக அசைத்தார். இல்லை என்கிறார் என்று நாங்கள் மூட்டைகளைத் தூக்கினோம். அவரோ சிரித்துக்கொண்டே மூட்டைகளைப் பிடுங்கி உள்ளே வைத்தார். ஆம் என்பதற்குத் தலையை இடம்வலமாகவும் இல்லையென்பதற்கு மேல்கீழாகவும் அசைப்பது அந்நாட்டுப் பழைய வழக்கம். இளையோரிடம் இரண்டு வழக்கமும் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் தலையை ஒரே வகையில் ஆட்டிவிடும் நம்மவர் இதில் அவர்களைக் குறைகூற வழியில்லை!

அன்றிரவு சோளரொட்டியும் ஆட்டுப்பாற்கட்டியும் தேனும் வந்தன. விருந்தினருக்கு ராக்கி என்னும் பழமது ஊற்றிக்கொடுப்பது அங்கே மரபு. நாங்கள் நெஞ்சில் கைவைத்து மறுத்தோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தமக்கு ஊற்றி வைத்திருந்த குவளையையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மலைமூலிகைத் தேநீரை நால்வருக்குமாக ஊற்றினார். அந்த ஒரு செயலுக்காகவே அத்தனை மலையேறியதும் தகும் என்று எங்களுள் மூத்தவர் பின்னர் கூறினார். விருந்தோம்பலைப் பாடமாக நடத்துவோர்க்கு அன்று ஒரு பாடம் நடந்தது.

இம்மலைவாழ் மக்களிடம் கானூன் என்னும் எழுதாச் சட்டம் வழங்கி வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுத் தலைவர் லெக்க துக்காஜினியின் பெயரால் அறியப்படுவது. ஷ்த்யேஃபன் ஜெச்சோவி என்னும் பாதிரியார் தொகுக்க, அவர் மறைவுக்குப்பின் 1933இல் நூலாயிற்று. இரத்தத்துக்கு இரத்தம் என்னும் கொடிய பழிவாங்கலும் அதிலுண்டு. விருந்தினரை உயிரினும் மேலாகக் காக்கவேண்டும் என்னும் கடமையும் அதிலுண்டு. பகைவனே ஆனாலும் விருந்தினனாக வாசலை மிதித்துவிட்டால் அவனைக் காப்பது வீட்டார் பொறுப்பு. தெத்தில் பழிக்கு இலக்கானோர் ஒளிந்திருந்த கற்கோபுரம் ஒன்று இன்றும் நிற்கின்றது. அம்பெய்யத்தக்க அளவிலான அதன் சிறு துளைகளைக் கண்டபோது, ஒரே மரபின் இரு முகங்களையும் சேர்த்தே கண்டோம். மரபைப் போற்றுவோர் அதன் எந்த முகத்தைப் போற்றுகிறோம் என்பதைத் தெளிவாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கொடுத்த வாக்கு மாறாமையை அவர்கள் பெசா என்கின்றனர். இரண்டாம் உலகப்போரில் அந்நாடு ஜெர்மானியர் பிடியிலிருந்தபோது, தங்களிடம் அடைக்கலம் புகுந்த யூதர்களை அம்மக்கள் காட்டிக்கொடுக்கவில்லை. காத்தவர்களுள் முஸ்லிம் குடும்பங்கள் பல. போர் தொடங்கியபோது இருந்ததைவிடப் போர் முடிந்தபோது அங்கே யூதர் தொகை கூடியிருந்தது. ஐரோப்பாவில் இது மிக அரிதான செய்தி. 1999இல் கொசோவோவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் வந்தபோதும், வறுமையிலிருந்த அச்சிறுநாடு அவர்களை ஏற்றது. பலரை வீடுகளிலேயே தங்கவைத்தது. அரசு பூட்டிய நாட்டில் மக்கள் தங்கள் வீட்டுக் கதவைப் பூட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

விடைபெறும்போது சுவரிலிருந்த படங்களைக் காட்டினார் வீட்டுக்காரர். மகன் மிலானில், மகள் ஜெர்மனியில். பேரக்குழந்தைகள் கோடையில் இரண்டு வாரம் வருவார்கள். அவர்களுக்கு அல்பேனிய மொழி பாதி வரும், பாதி வராது. பனிக்காலத்தில் ஊரில் பெரும்பாலோர் சமவெளிக்கு இறங்கிவிடுவர். "உங்கள் ஊரிலும் பிள்ளைகள் போய்விடுகிறார்களா?" என்று கேட்டார். வளைகுடாவுக்குப் போகாத ஆள் இல்லாத தெருவே எங்கள் ஊரில் இல்லை என்றோம். அவர் மெல்லத் தலையசைத்தார்.

ஆறும் கல்நகரமும்

மலையிலிருந்து இறங்கித் தெற்கு நோக்கிப் பயணமானோம். வழியில் பெராத், அதன் பின் ஜிரோகாஸ்தர். ஆயிரம் சாளரங்களின் நகரம் எனப் புகழப்படும் பெராத்தில், ஓசும் ஆற்றின் இருமருங்கும் வெள்ளைச் சுவர் வீடுகள் அடுக்கடுக்காகக் குன்றேறி நிற்கின்றன. குன்றின் உச்சியிலுள்ள கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. துணி உலர்கின்றது, திராட்சைக்கொடி நிழல் தருகின்றது. கோட்டைத் தேவாலயத்தில் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஓனுஃப்ரியின் செந்நிறம் மங்காமல் இருக்கின்றது. கீழே ஆற்றோரத்தில் பள்ளிவாசல்கள்.

அங்கிருந்து ஜிரோகாஸ்தர் செல்லும் வழியில், தெப்பெலெனா அருகே வியோசா ஆறு தோன்றிற்று. கிரேக்க மலைகளில் பிறந்து அட்ரியாட்டிக் கடல்வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் ஓடுவது. அல்பேனிய எல்லைக்குள் அதன் முதன்மை ஓட்டத்தைத் தடுக்கும் அணை எதுவும் செயல்படவில்லை. அணைகட்டத் திட்டங்கள் எழுந்தபோது ஊர்மக்களும் அறிஞர்களும் பல்லாண்டு போராடினர். 2023 மார்ச்சில் அவ்வாறு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெண்கூழாங்கற்களின் நடுவே பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் தன் விருப்பப்படி அது ஓடுவதைக் கண்டபோது, கட்டுண்டு கிடந்த மக்கள் தங்கள் ஆற்றையேனும் கட்டாமல் விட்டனரே என்று மகிழ்ந்தோம்.

ஜிரோகாஸ்தர் முழுதும் கல். வீட்டுச் சுவரும் கல், கூரையும் கல், தெருவும் கல். இவ்வூரும் பெராத்தும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாகச் சேர்த்தே போற்றப்படுகின்றன. இவ்வூரில்தான் 1908இல் என்வர் ஹோஜா பிறந்தார். 1936இல் எழுத்தாளர் இஸ்மாயில் கதாரேயும் இங்கேதான் பிறந்தார். நாட்டின் கதவுகளை அடைத்தவரும், அடைத்த கதவின் இடுக்கு வழியே தம் நாவல்களை உலகெங்கும் அனுப்பியவரும் ஒரே ஊர்க்காரர்கள். கதாரே 1990இல் பிரான்சில் அடைக்கலம் புகுந்தார். 2005இல் பன்னாட்டு புக்கர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் அவரே. எனினும் 2024 ஜூலை முதல் நாள் அவர் உயிர் பிரிந்தது திரானாவில். போனவர் திரும்பினார். நாங்கள் சென்றபோது அவர் மறைந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. அவரது வீட்டைக் காட்டிய சிறுவன் தன் உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினான். எழுத்தாளனுக்கு வேறென்ன விருது வேண்டும்?

அங்கிருந்து மலைகடந்து கடற்கரைக்குச் செல்லும் வழியில் நீலக்கண் என்னும் ஊற்று. ஐம்பது மீட்டருக்கும் கீழிருந்து பொங்கிவரும் குளிர்நீர், நடுவில் கருநீலமும் ஓரத்தில் பச்சையுமாகக் கண்விழிபோல் தோன்றுகின்றது. அதற்கப்பால் சரந்தா துறைமுகமும், கிரேக்க அரங்கும் உரோமக் குளியலகமும் காட்டுமரங்களிடையே கிடக்கும் பூத்ரிந்த் தொல்நகரமும். கடலோர ஊர்களில் விடுதிகள் நெருக்கமாக எழுந்து கொண்டிருக்கின்றன. கோடை இரவுகளில் இசை விடியும்வரை ஓய்வதில்லை என்றனர். பணம் வருகின்றது; கூடவே இரைச்சலும் வருகின்றது. இரண்டையும் நிறுக்கும் தராசு அம்மக்கள் கையில்தான் இருக்கவேண்டும்.

மாலை நடை

இனி இரவைப் பற்றிக் கூறுவோம். அல்பேனிய ஊர்கள் எதிலும் மாலை ஐந்தாறு மணிக்கு மேல் ஒரு காட்சி காணக் கிடைக்கும். தாத்தாவும் பாட்டியும், கணவனும் மனைவியும், தள்ளுவண்டியில் குழந்தையும், தோழியர் கூட்டமும் நல்லுடை உடுத்துத் தெருவில் இறங்குவர். எங்கும் போவதற்காக அன்று, நடப்பதற்காகவே நடப்பர். தெருவின் கோடிவரை சென்று திரும்புவர். எதிர்ப்படுவோரை நலம் கேட்பர். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவர். இதற்கு ஜிரோ என்று பெயர். இச்சொல் நம் காதில் பூச்சியம் போல ஒலிப்பினும், அவர்கள் நாளின் மதிப்பே அதில்தான் அடங்கியிருக்கின்றது. பெராத்தின் ஆற்றோரத்தில் நாங்களும் அக்கூட்டத்தில் கலந்து நடந்தோம். மூன்றாம் சுற்றில் முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் எங்களை நோக்கிக் கையுயர்த்தினார். அவ்வூராராகிவிட்டோம் என்று மகிழ்ந்தோம்.

திரானாவில் இதே நடை ப்லோக்கு என்னும் பகுதியில் பேரிரவாக விரிகின்றது. காப்பிக் கடைகளும் உணவகங்களும் மதுக்கூடங்களும் இசையரங்குகளும் நெருங்கிய தெருக்கள் அவை. நாங்கள் கடைசி இரவை அங்கே கழித்தோம். மதுக்கூடங்களைத் தேடிச் செல்வோர் செல்லட்டும். எங்களுக்கு ஒரு நடைபாதை மேசையும் காப்பியும் போதுமானவையாக இருந்தன. பக்கத்து மேசையில் கல்லூரி மாணவி ஒருத்தி தன் பாட்டியுடன் அமர்ந்திருந்தாள். ஆங்கிலத்தில் எங்களோடு பேசத் தொடங்கியவள் அப்பாட்டியைக் காட்டி, "இவர் இந்நகரத்திலேயே பிறந்தவர். ஆனால் 1991வரை இந்தத் தெருவில் காலடி வைத்ததில்லை" என்றாள்.

ப்லோக்கு அக்காலத்தில் ஆளுங்கட்சித் தலைவர்கள் மட்டுமே குடியிருந்த பகுதி. நகரத்தின் நடுவிலேயே காவலர்கள் சூழ்ந்து நிற்க, மற்ற மக்கள் எவரும் நுழையக்கூடாத தெருக்கள். ஹோஜாவின் மாளிகையும் அங்கேயே இருந்தது. எங்கள் பயணத்துக்குப் பின், 2025 தொடக்கத்தில், அம்மாளிகை கலைஞர்கள் தங்கிப் பணிபுரியும் இல்லமாகத் திறக்கப்பட்டது. சற்றுத் தொலைவில், 1988இல் அவருடைய புகழ்பாடக் கட்டப்பட்ட பிரமிடு, 2023இல் படிக்கட்டுகள் அமைத்துப் புதுப்பிக்கப்பட்டு, இளைஞர்கள் ஏறியமர்ந்து சூரியன் மறைவதைக் காணும் இடமாயிற்று. வெறும் கேளிக்கை என்று பிறநாட்டு இரவுத் தெருக்களை நாம் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் அந்தப் பாட்டி காப்பிக் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, போவோர் வருவோரையெல்லாம் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, அஞ்சாமல் தெருவில் அமர்ந்திருப்பதும் ஒரு பேறு என்பதை உணர்ந்தோம். அப்பேற்றுக்கு விலை கொடுத்தவர்களுக்குத்தான் அதன் மதிப்புத் தெரியும்.

கதவு திறந்த அந்த 1991ஆம் ஆண்டிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆகஸ்ட் மாதத்தில், கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிவந்த விலோரா என்னும் கப்பல் துர்ரஸ் துறைமுகத்தில் நின்றது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அதில் பாய்ந்தேறி இத்தாலியின் பாரி துறைமுகத்துக்குச் சென்றனர். தொங்கியவர்களும் கொடிமரத்தில் ஏறியவர்களுமாக அக்கப்பலின் படத்தை உலகம் கண்டது. மிகப்பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும் வெளியேற்றம் அன்றோடு நிற்கவில்லை. கப்பலுக்குப் பதில் விமானம், அவ்வளவே. விருந்தினர் உள்ளே வரத் திறந்த கதவு வழியே வீட்டுப் பிள்ளைகள் வெளியே செல்கின்றனர்.

அம்மாணவியும் அடுத்த ஆண்டு மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்லவிருப்பதாகக் கூறினாள். திரும்பி வருவாயா என்று கேட்டோம். அவள் பாட்டியைப் பார்த்தாள்; பிறகு தலையசைத்தாள். அது ஆம் என்பதா, இல்லை என்பதா, அவர்கள் பழைய வழக்கமா, புதிய வழக்கமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. மறுமுறை கேட்க மனமும் வரவில்லை.

நிறைவாக

அன்புள்ள மாணவர்களே! இயற்கை அழகில் அல்பேனியாவுக்கு ஈடான நாடுகள் வேறும் உண்டு. பழஞ்சின்னங்களில் அதனை விஞ்சும் நாடுகளும் உண்டு. இரவு விளக்குகள் எந்நகரிலும் எரிகின்றன. ஆயினும் நாற்பதாண்டு பூட்டைத் தாங்கியும் வாசலில் வந்தவரை உள்ளே அழைக்கும் பண்பை இழக்காத மக்களை எங்கும் காண இயலாது. அப்பண்பை அரசு தந்ததில்லை. அரசால் பறிக்கவும் முடியவில்லை. அது வீடுகளில் வளர்ந்தது.

உங்களுள் பலர் நாளை கடல் கடப்பீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வெளியேற முடியாத நாட்டில் ஒரு தாய் தன் மகளைக் காணாமலே இறந்ததை மேலே கண்டோம். கதவு திறந்திருக்கத்தான் வேண்டும். அதே வேளையில், வந்தவரை வரவேற்கத் திறந்த கதவுக்குள் ஆளும் இருக்கவேண்டும். மலைவீட்டுப் பெரியவர் தமக்குப்பின் யார் அந்தத் தேநீரை ஊற்றுவார் என்று எங்களிடம் கேட்கவில்லை. ஆனால் அக்கேள்வி அந்த மேசைமீதே இருந்தது. நம் ஊர்களில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளின் திண்ணைகளிலும் அது இருக்கின்றது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் முதியோர் அல்லர்; நீங்களே.